ஒரே ராத்திரியில 3 கோழி போச்சு: நாயா, கீரியா, பூனையா? (மடிப்பாக்கம்)

மடிப்பாக்கம்கொல்லை | சனி, காலை 7:48

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிக்கிறதோட சரி, எழுதினதில்லை. இன்னைக்கு எழுத வேண்டியதாப் போச்சு.

தனி வீடு. பின்னாடி ஒன்றரை சென்ட் கொல்லை. ஒரு மாமரம், ஒரு சப்போட்டா, துணி துவைக்கிற கல், மிச்ச இடத்துல கோழி. 7 பெட்டை, 1 சேவல், எல்லாம் சிறுவிடை நாட்டுக்கோழி. அதுல ஒரு பெட்டை குஞ்சோட மாடிப்படிக்குக் கீழ பஞ்சாரத்துல தனியா இருக்கு. மத்த ஏழும் கூண்டுல. கூண்டு நானே கட்டினது: பழைய இரும்புக் கட்டில் சட்டம், சுத்தி பச்சைக் கோழி வலை, மேல ஆஸ்பெஸ்டாஸ் சீட், கதவுக்கு கொக்கி.

இன்னைக்கு அஞ்சரைக்கு அம்மா பால் பாக்கெட் எடுக்கப் போனப்ப சேவல் துவைக்கிற கல் மேல நின்னுட்டு இருந்திருக்கு. வால்ல பாதி இறகு இல்லை. கூண்டுக்குள்ள ரெண்டு பெட்டை தலையே இல்லாம கிடக்கு. மூணாவது காம்பவுண்டு சுவரோரம். அதுக்குத் தலை இருக்கு, ஆனா இரைப்பையும் நெஞ்சுக் கறியும் காணோம். இன்னொண்ணு முதுகுல காயத்தோட மூலையில பதுங்கி இருந்துச்சு.

அம்மா கீரின்னு சொல்றாங்க. தெருமுனை இஸ்திரி போடுற அண்ணன் சாரைப்பாம்புன்னு சத்தியம் பண்றார். எனக்குப் பக்கத்து வீட்டு நாய் மேலதான் சந்தேகம், காலையிலேயே போய் கொஞ்சம் சத்தமாப் பேசிட்டு வந்துட்டேன். நீங்க சொல்லுங்க, என்னவா இருக்கும்?

ஓட்டேரிபிரியாணி | காலை 7:55

நாய். கேஸ் முடிஞ்சது.

செங்குன்றம்முட்டை | காலை 8:10

கீரியேதான். கழுத்தக் கடிச்சு ரத்தத்த மட்டும் குடிச்சிட்டு உடம்ப விட்டுட்டுப் போகும். எங்க பெரியப்பா வீட்டுல 11 கோழி இப்படிப் போச்சு.

பஞ்சாரம் | காலை 8:31

தம்பி, முதல்ல பக்கத்து வீட்டோட சண்டைய நிறுத்துங்க. நான் ஈரோட்டுப் பக்கம், இப்ப பையனோட ஆவடியில இருக்கறனுங்க. நாப்பது வருஷமா கோழி பார்த்தவன் சொல்றேன்: செத்த கோழியப் பாத்துட்டே நிக்காதீங்க, வந்த வழியப் பாருங்க. கோழி எத்தனை வேணா பொய் சொல்லும். வந்த வழி பொய் சொல்லாது.

கீரி ராத்திரியில வராதுங்க. அது பகல் பிராணி. மத்தியானம் எல்லாரும் படுத்திருக்கிற நேரத்துல வேலியோரமா வந்து முட்டையத் தூக்கும், குஞ்சத் தூக்கும், ஏமாந்தா பெட்டையையும் புடிக்கும். பொழுது சாய்ஞ்சா பொந்துக்குப் போயிடும். ரத்தம் குடிக்கிறதெல்லாம் பேச்சு. குரல்வளைய நல்லாப் புடிச்சுக் கொன்னா வெளிய ரத்தமே பெருசா வராது, அதப் பாத்துட்டு குடிச்சிருச்சுங்கறாங்க.

இதுக்குப் பதில் சொல்லுங்க:
கதவு கொக்கி காலையில எப்படி இருந்துச்சு? வலையில கிழிசல் உண்டா, அடியில மண் பறிச்சிருக்கா? இறகு எங்கெங்க கிடக்கு? ராத்திரி எத்தனை மணிக்காவது சத்தம் கேட்டுச்சா?

பாம்புப்பக்கம் | காலை 9:02

இஸ்திரி அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க, ஆனா பாம்பு கிடையாது. வேளச்சேரி, பள்ளிக்கரணை சுத்தி வீடுகள்ல பாம்பு பிடிக்கப் போறவன் நான். பாம்புக்குக் கடிச்சுத் தின்னத் தெரியாது, முழுசா விழுங்கத்தான் தெரியும். சாரை குஞ்சையும் முட்டையையும் விழுங்கிட்டுப் போனா ஒரு இறகு கூட மிச்சம் இருக்காது. எண்ணிப் பார்த்தாதான் ஒண்ணு குறையும். பெரிய கோழிய முயற்சி பண்ணி முடியாம விட்டிருந்தா, தலையிலேர்ந்து தோள் வரைக்கும் இறகு எச்சில்ல நனைஞ்சு ஒட்டிப்போய், சீப்பு போட்டு வாரின மாதிரி இருக்கும். நல்ல பாம்பு கடிச்சிருந்தா காயமே கண்ணுக்குத் தெரியாம கோழி விறைச்சுக் கிடக்கும். தலையத் துண்டா எடுத்துட்டுப் போறது பாம்பு வேலை இல்லை.

மடிப்பாக்கம்கொல்லை | காலை 10:40

பஞ்சாரம் ஐயா, பார்த்துட்டு வந்தேன். கொக்கி போட்டது போட்டபடி. வலையில கிழிசல் இல்லை, மண்ணும் பறிக்கலை. ஆனா கூண்டுக்குப் பின்பக்கம், சீட்டுக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. காத்து வரட்டும்னு நானேதான் விட்டேன். ஸ்கேல் வச்சு அளந்தா நாலு இன்ச். அந்த சந்து ஓரத்துல ரெண்டு மூணு சின்ன இறகு ஒட்டியிருக்கு. ஏணி போட்டு ஏறிப் பார்த்தா சீட் மேலயும் இறகு. மாமரக் கிளை ஒண்ணு சீட்டத் தொட்டுட்டுதான் இருக்கு.

சத்தம் எனக்குக் கேட்கலை, ஏசி ஓடிட்டு இருந்துச்சு. அம்மா ரெண்டு மணி வாக்குல கோழி கத்தினதாச் சொல்றாங்க, நாய் குரைச்ச சத்தமே இல்லையாம்.

ஓட்டேரிபிரியாணி | காலை 10:44

கேஸ் திரும்பத் திறக்கப்பட்டது.

தாம்பரம்சேவல் | காலை 11:15

நாய் நாலு இன்ச் சந்துல போகாது, அதுவும் சீட் மேல ஏறி. எங்க வீட்டுல தெருநாய் புகுந்தப்ப வலையையே பிச்சுப் போட்டுச்சு. 14 கோழி. ஒண்ணையும் தின்னலை, கொல்லை பூரா இறகு, தெரு வரைக்கும் இழுத்துட்டுப் போய் போட்டுட்டு அடுத்தத பிடிக்க ஓடி வந்திருக்கு. அதுங்களுக்கு அது விளையாட்டு.

என் கணிப்பு கடுவன் பூனை. எங்க ஏரியாவுல ஒண்ணு இருக்கு, நாய்க்குட்டி சைஸ். சந்துல பூந்து வரும், மரம் ஏறும், ராத்திரி வரும். எல்லாம் பொருந்துது.

வேப்பேரிபழையமாணவன் | காலை 11:52

கால்நடை மருத்துவம் படிச்சவன். வேட்டையாடினது எதுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, வேட்டைதானான்னு பார்க்கணும். வெள்ளைக்கழிச்சல் நோய்ல ராத்திரி செத்த கோழியை எலியோ பூனையோ வந்து கடிச்சிருக்கலாம். அதுவும் காலையில இதே மாதிரிதான் தெரியும்.

செத்ததுல ஒண்ணாவது புதைக்காம இருக்கா? இருந்தா கையுறை போட்டு, கடி இருக்கிற இடத்துல இறகப் பிடுங்கி, தோலக் கீறி உள்பக்கம் பாருங்க. உயிரோட இருக்கும்போது கடிச்சா தோலுக்கு அடியில ரத்தம் கட்டி நாவல்பழக் கலர்ல இருக்கும். செத்தப்புறம் கடிச்சா ஓட்டை மட்டும்தான், கட்டு இருக்காது. பல் ஓட்டை ரெண்டு ஜோடியாத் தெரிஞ்சா நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அளந்து சொல்லுங்க.

காயம்பட்ட கோழிய இப்பவே தனியா வைங்க. பொவிடோன் அயோடினை டீ கலருக்குத் தண்ணி கலந்து கழுவுங்க. ஈ உக்காராம கொசுவலைய மூடுங்க, இந்த வெயில்ல ஒரே நாள்ல புழு வச்சிடும். காயம் ஆழமா இருந்தா வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, கோழியும் பார்ப்பாங்க. வெட்கப்படாதீங்க, நான் படிக்கும்போது ஒருத்தர் சண்டைச் சேவலை மடியில வச்சு ஆட்டோவுல வருவார்.

மடிப்பாக்கம்கொல்லை | பகல் 1:30

சுவரோரம் கிடந்தது சாக்குல சுத்தி வச்சிருந்தேன். நீங்க சொன்னபடி பார்த்தேன். மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, அது தினம் முட்டை விடுற கோழி. பிடரியில நாலு ஓட்டை. தோலுக்கு உள்பக்கம் கருஞ்சிவப்பா ரத்தக் கட்டு, கட்டை விரல் அகலத்துக்கு. பல் இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. கூண்டுக்குள்ள ரத்தம் எல்லாம் உக்கார்ற கட்டைக்கு நேர் கீழதான். வலையில துளி கூட இல்லை.

வேப்பேரிபழையமாணவன் | பகல் 1:48

அப்போ உயிரோட இருந்ததைத்தான் கடிச்சிருக்கு, நோய் இல்லை. நடுத்தர தெருநாய்க்குக் கோரைப்பல் இடைவெளி மூன்றரை, நாலு சென்டிமீட்டர் வரும். உங்க பக்கத்து வீட்டு நாய் விடுதலை. ஆனா பூனையை இதை வச்சு விடமுடியாது, அதுக்கும் கிட்டத்தட்ட இந்த அளவுதான் வரும்.

வலையில ரத்தம் இல்லைன்னா வெளியே நின்னு தலைய இழுத்துப் பிடுங்கலை, உள்ள இறங்கியிருக்கு. கோழிக்கு இருட்டுல கண் தெரியாது. கட்டையில உக்கார்ந்தது உக்கார்ந்தபடி இருக்கும், வந்தது வரிசையா எடுக்கலாம்.

அடையாறுமாடி | பகல் 2:20

ஏன் யாருமே மரநாயைச் சொல்லலை? பேர்லதான் நாய், மரம் ஏறுற புனுகுப்பூனை ஜாதி அது. அடையாறு, மயிலாப்பூர் பழைய வீட்டுக்காரங்களைக் கேளுங்க. ஓட்டுக்கு அடியில, ஃபால்ஸ் சீலிங் மேல ராத்திரி தடதடன்னு ஓடும். பேய்னு நினைச்சு வீடு காலி பண்ணினவங்க உண்டு. எங்க ஃப்ளாட்டுல கேபிள் வயர் மேலயே நடந்து நாலாவது மாடிக்கு வருது.

மடிப்பாக்கம் சார், காம்பவுண்டு சுவர் மேலயோ சீட் மேலயோ எச்சம் இருக்கா பாருங்க. மரநாய்க்கு உயரமான இடத்துல போற பழக்கம் உண்டு. அதுல பழக்கொட்டை முழுசு முழுசா இருக்கும். இந்தோனேசியாவுல இந்த ஜாதி தின்னு போடுற காபிக்கொட்டையைத்தான் கழுவி வறுத்து லூவாக் காபின்னு கொள்ளை விலைக்கு விக்கிறான். நம்ம ஊர்ல சப்போட்டா கொட்டைதான் வரும், யாரும் வாங்க மாட்டாங்க.

மடிப்பாக்கம்கொல்லை | பகல் 2:41

சார்!! சுவர் மேல மூணு இடத்துல இருக்கு. நாய் போட்டதுன்னு நினைச்சு ஒரு மாசமா அம்மா கழுவி விடுறாங்க. (நாய் எப்படி ஆறடி சுவர் மேல ஏறும்னு யாருமே யோசிக்கலை.) குச்சியால கிளறினேன். கருப்பா, பளபளன்னு, தட்டையா கொட்டை. சப்போட்டாவேதான்.

தாம்பரம்சேவல் | பகல் 3:05

எச்சம் இருந்தா அது அந்த சுவர் வழியாப் போகுதுன்னு மட்டும்தான் அர்த்தம். பழம் தின்ன வர்றது கோழியையும் தின்னுச்சுன்னு எப்படி? என் ஓட்டு இன்னும் பூனைக்குத்தான்.

பஞ்சாரம் | பகல் 3:30

தாம்பரம் தம்பி கேக்கறது நியாயமான கேள்விங்க. மரநாய் முக்காவாசி பழந்தின்னிதான். ஆனா எலி, குருவி, கோழி கிடைச்சா விடாது. எங்கூர்ல பனங்கள்ளு கலயத்துல வாய் வைக்கும், அதே கழுதை கோழிக்கூண்டுக்கும் வரும். தலையையும் கழுத்தையும் முதல்ல தின்கிறது அதோட புத்தி. மிச்சத்தைத் தூக்கிட்டுப் போகப் பாத்திருக்கும், சந்துல சிக்கியிருக்கும். ஒண்ணைத்தான் வெளிய இழுக்க முடிஞ்சிருக்கு.

பூனைன்னா, சங்கப் பாட்டுலேயே வேலியோரமா வந்து வீட்டுக்கோழிய மிரட்டுற வெருகு இருக்குது. அது காட்டுப்பூனை. பள்ளிக்கரணைப் பக்கம் கோரைக்குள்ள இருந்தாலும் ஆச்சரியமில்லீங்க. அதனால நம்ம ஊகத்தை நிறுத்திட்டு, வர்றதையே கையெழுத்துப் போட வைங்க.

சாயங்காலம் சீட் மேலயும், சுவர் மேலயும், கூண்டைச் சுத்தியும் கோலப்பொடிய சல்லடையில சலிச்சு மெல்லிசாத் தூவுங்க. கல்மாவுதான் தூவணும். அரிசி மாவுன்னா எறும்பும் பெருச்சாளியும் விருந்துக்கு வந்துடும். காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, பக்கத்துல ஒரு தீப்பெட்டிய வச்சு போட்டோ எடுங்க.

நாய்க்கு நாலு விரல், நகம் பதியும். பூனைக்கு நாலு விரல், நகம் பதியாது, உள்ள இழுத்துக்கும். மரநாய்க்கும் கீரிக்கும் அஞ்சு விரல். கீரின்னா நகம் நீளமா முன்னாடி தள்ளிக் குத்தியிருக்கும்.

செங்குன்றம்முட்டை | மாலை 4:12

எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? செத்த கோழியில குருணை மருந்து வச்சு அதே இடத்துல போடுங்க. எதுவா இருந்தாலும் காலையில தெரிஞ்சிடும்.

இழைக்காவலர் | மாலை 4:20

மேலே உள்ள யோசனையை யாரும் செய்ய வேண்டாம். மரநாய், கீரி, காட்டுப்பூனை, சாரை எல்லாமே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. விஷம் வைத்தால் முதலில் சாவது பக்கத்து வீட்டு நாயும் தெருக் காகமும்தான். பொறி வைத்துப் பிடித்து வேறு இடத்தில் விடுவதும் தவறு. பிடித்தே ஆக வேண்டிய நிலை என்றால் கிண்டியில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் சொல்லுங்கள்.

செங்குன்றம்முட்டை | மாலை 4:33

சரி, கோவத்துல சொல்லிட்டேன். விட்டுடுங்க.

மடிப்பாக்கம்கொல்லை | ஞாயிறு, காலை 6:25

நேத்து ராத்திரி அந்த நாலு இன்ச் இடுக்கை தற்காலிகமா பழைய அடுப்பு கிரில் வச்சு கம்பியால கட்டி மூடினேன். கோலப்பொடி ரெண்டு பாக்கெட் காலி. கொல்லை பூரா மார்கழி மாதிரி வெள்ளையா ஆயிடுச்சு.

போட்டோ போட்டிருக்கேன். சீட் மேல அஞ்சு விரல். நகம் லேசா புள்ளி வச்ச மாதிரி. பின்னங்கால் தடம் நீளமா, ஒரு சின்னக் குழந்தையோட உள்ளங்கையை அமுக்கின மாதிரி இருக்கு. மாமரக் கிளை இறங்குற இடத்துல ஆரம்பிச்சு நேரா சந்து வரைக்கும் வந்து, கிரில் முன்னாடி ரெண்டு மூணு தடவை சுத்திச் சுத்தி மிதிச்சிருக்கு. அப்புறம் சுவர் வழியா சப்போட்டா பக்கம்.

ஆனா இன்னொண்ணும் இருக்கு. மாடிப்படிக்குக் கீழ பஞ்சாரத்தைச் சுத்தி வேற தடம், சின்னது, நடுவுல வால் இழுத்த கோடு. 6 குஞ்சுல இப்ப 5தான் இருக்கு. போன மாசம் 9 பொரிச்சதுல 3 போனப்ப காக்கான்னு நினைச்சேன்.

பஞ்சாரம் | காலை 6:50

சீட் மேல வந்தது மரநாய், சந்தேகமே வேண்டாம்.

கீழ வந்தது பெருச்சாளிங்க. ரெண்டு திருடன் ஒரே வீட்டுல. காக்கா, வல்லூறு, பருந்து எல்லாம் பகல்ல தூக்கும், தாய்க்கோழி ஊரையே கூட்டிடும். ராத்திரியில சத்தமில்லாம ஒவ்வொண்ணாக் குறைஞ்சா ஒண்ணு பாம்பு, இல்ல பெருச்சாளி. பஞ்சாரத்துக்குப் பக்கத்துல புது மண் குவிச்ச வளை இருக்கும், தேடுங்க. தாய்க்கோழி கால் விரலையும் பாருங்க, கடிச்சிருக்கும்.

மடிப்பாக்கம்கொல்லை | காலை 7:10

இருக்கு. செப்டிக் டேங்க் மூடிக்கு ஓரமா, கை நுழையுற வளை. வாயில ரெண்டு குட்டி இறகு. தாய்க்கோழி இடது கால்ல ஒரு விரல் நுனியே இல்லை, நான் இதுவரைக்கும் கவனிக்கவே இல்லை.

பாம்புப்பக்கம் | காலை 7:32

அந்த வளையில கை விடாதீங்க. ஐப்பசி மழை வரப்போகுது, பெருச்சாளி வளைதான் நல்ல பாம்புக்கு வாடகை வீடு. ராத்திரி தீவனத் தட்டை வெளிய விடாம எடுத்து வைங்க. பாதிப் பெருச்சாளி தானாப் போயிடும்.

தாம்பரம்சேவல் | காலை 8:40

தடத்தை ஒத்துக்கறேன். ஆனா இது ரெண்டாவது ராத்திரி தடம். முதல் ராத்திரி வந்தது யாருன்னு யாரும் பார்க்கலை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

அடையாறுமாடி | காலை 9:05

தாம்பரம் சார் கோர்ட்டுல இருக்க வேண்டியவர்.

இனிமே செய்ய வேண்டியது: கோழி வலை கோழி வெளிய போகாம இருக்கத்தான், எதிரி உள்ள வராம இருக்க இல்லை. அரை இன்ச் கட்டம் போட்ட வெல்ட் மெஷ் (பத்தவச்ச கம்பி வலை) வாங்குங்க, சந்து உட்பட எல்லாப் பக்கமும், மேல்பக்கமும். காத்து அது வழியாவே வரும். தரையில வலையை நேரா நிறுத்தி விட்டுடாதீங்க, வெளிப்பக்கமா ஒன்றரை அடி மடிச்சுப் படுக்க வச்சு மேல செங்கல் அடுக்குங்க. நாயோ பெருச்சாளியோ சுவரோரமா வந்துதான் பறிக்கும், பறிச்சா கம்பி. அந்த மாமரக் கிளையை வெட்டுங்க. சப்போட்டாவை மரத்துலேயே பழுக்க விடாம காயாப் பறிச்சு வீட்டுல பழுக்க வைங்க. உக்கார்ற கட்டை வலையிலேர்ந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும்.

மடிப்பாக்கம்கொல்லை | புதன், இரவு 9:16

வேலை முடிஞ்சது. பஞ்சாரமும் இப்ப கூண்டுக்குள்ளேயே. காயம்பட்ட கோழி இன்னைக்குத் தீவனம் கொத்த ஆரம்பிச்சிடுச்சு.

பழைய போனை சமையலறை ஜன்னல்ல கட்டி, ஆள் நடமாடினா மட்டும் பதிவாகிற ஆப் போட்டு வச்சேன். கொல்லை விளக்கு எரிஞ்சதால ஓரளவு தெரியுது. திங்கள் ராத்திரி 1:50க்கு வந்துச்சு. கிளைய வெட்டினதால கேபிள் வயர்ல நடந்து சுவருக்கு வந்து, அங்கேர்ந்து சீட்டுக்கு ஒரே தாவு. சாம்பல் கருப்பு, உடம்பு நீளத்துக்கு வால், முகத்துல திருடன் மாதிரி கருப்புப் பட்டை. நேரா அந்தப் பழைய சந்துக்குத்தான் போச்சு. வேற எங்கயும் மோந்து கூடப் பார்க்கலை. மெஷ்ல மூக்கை வச்சு, காலால ரெண்டு தட்டு தட்டிட்டு, அப்படியே உக்கார்ந்து மூணு நிமிஷம் யோசிச்சுது. வீடியோ கீழே.

அம்மா பார்த்துட்டு, "பாவம், பசிக்குது போல"ன்னு சொல்றாங்க. சனிக்கிழமை இதே அம்மாதான் விளக்குமாத்தோட நின்னாங்க.

பக்கத்து வீட்டுக்கு 6 முட்டை கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக்கிட்டாங்க. அவங்க நாய் சங்கிலியிலதான் இருந்துச்சாம் அன்னைக்கு, நான் கேக்கவே இல்லைன்னு சொன்னாங்க.

தாம்பரம்சேவல் | இரவு 9:40

நேரா சந்துக்குப் போச்சுன்னா இடம் ஏற்கனவே தெரிஞ்சிருக்கு. சரி, பூனை மேல போட்ட கேஸை வாபஸ் வாங்கிக்கறேன்.

செங்குன்றம்முட்டை | இரவு 9:52

வெல்ட் மெஷ் அரை இன்ச் எந்த கேஜ் (கம்பி கனம்) போட்டீங்க? எனக்கும் வாங்கணும்.

மடிப்பாக்கம்கொல்லை | இரவு 10:03

கேஜ் கேக்கலைங்க. பாரிமுனையில கடைக்காரர்கிட்ட "கையால வளைக்க முடியாதது கொடுங்க"ன்னேன். வெட்டுறதுக்கு வெல்டிங் கடைக்குத்தான் போக வேண்டியிருந்துச்சு.